‘வந்தா யெஸ் குடுத்துடுங்க’

1.

குற்ற உணர்ச்சிதான் இந்தக் கதையை எழுதவைத்தது என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் நடந்தது வேறு. ஹேமாவதி ஒருநாள் டீக்கடையில் வைத்து, "நீ கதெல்லாம் எழுதுவியாமே அக்கா, என்னுத எழுதேன்" என்றாள். சரி என்றேன். குற்ற உணர்ச்சி எழுத உட்கார்ந்த பிறகு வந்தது.

நான் வித்யா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இது நடந்தபோது ஐந்து சிறிய கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுத்தேன். மை உறைந்த பிரிண்டர், மறந்துபோன பாஸ்வேர்டு, திறக்க மறுக்கும் மெயில் எல்லாம் என் தலையில். கூடவே கதையும் எழுதுகிறேன். ஏழு அச்சாகியிருக்கின்றன. இது எட்டாவது, நன்றாகவே வரும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் சந்தேகம்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கண்ணுக்குத் தெரியாத கைகள் காற்றில் அலைந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில்..."

அடித்துவிட்டேன். அந்தக் காற்றில் இரும்பு வெட்டும் கட்டிங் ஆயில் வாடை மட்டுமே இருந்தது.

அடுத்தது: "புளூடூத் என்பது சுமார் பத்து மீட்டர் தூரத்துக்குள் இரு கருவிகள்..."

இது மேனுவல். இதைப் படிக்க உங்களுக்குச் சம்பளமா தருகிறார்கள்?

மூன்றாவது: "ஹேமாவதி எந்தத் தப்பும் செய்யவில்லை."

இது வக்கீல் பேச்சு. தவிர, முழுக்க உண்மையும் இல்லை. அவள் ஒரே ஒரு தடவை ‘யெஸ்’ என்ற பொத்தானை அழுத்தினாள். அழுத்தச் சொன்னது யார் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். (இப்படித் தள்ளிப்போடுவது கதைக்காக என்று முதலில் நம்பினேன். எனக்காக.)

3.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லாரிகளுக்கான பிரேக் லீவர் செய்யும் கம்பெனி அது. ஐம்பது பேர் வேலை செய்கிறார்கள். ஹேமாவதி அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வயது இருபத்தாறு. திருமழிசையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவள் லேப்டாப்பில் ‘ஓகே’ என்று பதிந்தால்தான் சரக்கு கேட்டைத் தாண்டும்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, நானூற்று இருபது லீவர்கள் கொண்ட ஒரு லாட்டை அவள் நிறுத்திவைத்தாள். மயிரிழை விரிசல். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. சரக்கு ஸ்டோரில் இருக்க, அதிலிருந்து எடுத்துவந்த சிலவற்றை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேப்டாப் அவள் முதுகுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்பைப் பார்த்தபடி திறந்திருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் டிஸ்பாட்ச், சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பும் பிரிவு.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அந்த லாட் ‘ஓகே’ ஆனது. ஒரு மணிக்கு லாரி ஒரகடத்துக்குக் கிளம்பியது. இரண்டரைக்கு ஸ்டோர்கீப்பர் உத்தமன் சரக்கு வெளியேறிய கேட்பாஸ் நகலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இன்னா அண்ணாத்தே இது? நா இன்னும் பாத்துகினுதான கீறேன்!"

"உன் பேர்லதாம்மா கீது. பாரு."

ஹேமாவதி பார்த்தாள். அவள் பேர்தான். முதலாளியிடம் ஓடவில்லை. கையிலிருந்த லீவரை மேசைமேல் வைத்துவிட்டு, வாடிக்கையாளர் கம்பெனியின் குவாலிட்டி ஆபீசுக்கு நேராக போன் போட்டாள். "எங்க வண்டி வரும் சார். எறக்காதீங்க. விரிசல் கீது." லாரி ஒரகடத்தில் கேட்டுக்கு வெளியிலேயே நின்றது.

(நானாக இருந்தால் அந்த போனைப் போட்டிருப்பேனா? முதல் வரைவில் ‘போட்டிருப்பேன்’ என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

4.

முதலாளி ஜெகதீசன் கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தார். அறையில் ஹேமாவதியைத் தவிர யாருமில்லை. முதுகுதான் தெரிந்தது. கைகள் எங்கே இருந்தன என்று தெரியவில்லை.

"ரூம்ல நீ மட்டும்தான் இருந்த. பேயா வந்து ஓகே பண்ணுச்சு?"

"நான் பண்ல சார்."

"பண்ணிட்டு, பயந்துபோய் நீயே அவங்களுக்கு போனும் போட்டிருக்க. என்னைக் கேட்காம! வீட்டுக்குப் போம்மா. கூப்பிடறப்ப வா."

அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் அழவில்லை என்றும், வேலப்பன்சாவடி தாண்டியதும் மைக்ராஸ்கோப் விளக்கை அணைக்காமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்ததாகவும் சொன்னாள். வீட்டில் அவள் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "நீ பண்ணியா இல்லியா?" இல்லை என்றாள். "அப்போ சாப்டு."

சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். லேப்டாப்பைப் பார்த்து, அந்த ‘ஓகே’ இந்தக் கருவியிலிருந்துதான் போனது என்று அறிக்கை எழுதித்தர வேண்டும். அரை மணி வேலை.

5.

அங்கிருந்துதான் போயிருந்தது. அரை மணிக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டேன். அறிக்கையில் முதல் வரியைக்கூட எழுதிவிட்டேன். பிறகு பழக்கதோஷத்தில் புளூடூத் பட்டியலைத் திறந்தேன்.

மூன்று கருவிகள். ஒன்று அவள் மவுஸ். ஒன்று மீட்டிங் ஹால் ஸ்பீக்கர். மூன்றாவதன் பக்கத்தில் கீபோர்டு படம் போட்டிருந்தது. பெயர் மட்டும் ஏதோ ஒரு போன் மாடலின் பெயர். போனைக் கீபோர்டாகவும் மவுஸாகவும் மாற்றிக்கொள்ளச் செயலிகள் இருக்கின்றன. லேப்டாப்போடு ஒரு தடவை ஜோடி சேர்த்துவிட்டால் போதும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் தட்டலாம். லேப்டாப்புக்கு அது உரிமைக்காரரின் விரல்தான். கேள்வி கேட்காது.

கடைசியாக இணைந்த நேரம்: வியாழன், 11:41.

ஜோடி சேர்ந்த தேதி: அதற்குப் பதினாறு நாள் முன்பு, காலை பத்தரை.

 அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன். மீட்டிங் ஹாலில் புது ஸ்பீக்கர் பொருத்திக்கொண்டிருந்தேன். ஹேமாவதியின் லேப்டாப்பைத்தான் திரையோடு இணைத்திருந்தோம். எந்தக் கருவியும் அதைக் கண்டுபிடிக்கும்படி அமைப்பைத் திறந்துவிட்டவள் நான். போகும்போது மூட மறந்தவளும் நான். ஏணிமேல் நின்றபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தியதும் நான்தான்:

"ஏதாவது கேட்டு வந்தா யெஸ் குடுத்துடுங்க!"

வந்தது. ஆறு இலக்க எண் ஒன்றைக் காட்டி, அந்தப் பக்கமும் இதே எண்தானா என்று கேட்டது. அந்தப் பக்கம் எது என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வியையே வைத்திருக்கிறார்கள். ஹேமாவதி ஸ்பீக்கர் என்று நினைத்தாள். யெஸ் கொடுத்தாள்.

6.

டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் சம்பத்தை இந்தக் கதையின் வில்லனாக எழுதித்தான் பார்த்தேன். தடித்த மீசை, தந்திரச் சிரிப்பு எல்லாம் வைத்து ஒரு பக்கம். ஒட்டவில்லை. மீசையே இல்லாத, ஒல்லியான, எல்லோருக்கும் பஸ்ஸில் இடம் பிடித்துவைக்கிற ஆள் அவர்.

ஒவ்வொரு போனுக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஒரு புளூடூத் முகவரி உண்டு. மூன்றாவது கருவியின் முகவரியைத் தாளில் எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை ஜெகதீசன் அறையில் வீட்டிலிருந்து வரவழைத்த ஹேமாவதி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரும் சம்பத், நான். "எல்லார் போனையும் பார்க்கணும் சார், என்னுதையும் சேர்த்து" என்றேன். என் போனை முதலில் வைத்தேன். ஹேமாவதி தன்னுடையதை வைத்தாள்.

சம்பத் சட்டைப் பையைத் தொட்டார். கையை எடுக்கவில்லை.

"பாக்க வேணாம் மேடம். என்னுதுதான்."

 ஹேமாவதிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சம்பத்ணா... நீயா?"

"அன்னிக்கு மீட்டிங்ல ஸ்லைடு தள்றதுக்குத்தாம்மா சேத்தேன். சத்தியமா. அப்பால மறந்துட்டேன். வியாழக்கெழம ஒரு மணிக்குள்ள வண்டி போயே ஆவணும்னு..." அவர் ஜெகதீசனைப் பார்த்தார். "நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாதுன்னு சொன்னீங்களே சார். கண்ணாடி வழியா ஸ்க்ரீன் தெரிஞ்சுது. போன் கைல கீது. தட்டிட்டேன்."

"அந்த லீவர் ஒடஞ்சா இன்னா ஆவும்னு தெரியாதாண்ணா? மலைல எறங்கிகினு இருக்கற லாரி."

"விரிசல்னு தெரியாதும்மா. நீ சும்மா லேட் பண்றன்னு நெனச்சேன்."

இதைக் கேட்டதும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். வேலையை விட்டு நிறுத்தியபோதுகூட அப்படி மாறியிருக்காது என்று தோன்றியது.

7.

ஜெகதீசன் சம்பத்தையும் ஹேமாவதியையும் வெளியே அனுப்பினார். என்னிடம் குரலைத் தணித்தார்.

"வெளியாள் யாரோ கம்ப்யூட்டருக்குள்ள புகுந்துட்டான்னு எழுதிடுங்க வித்யா. பொண்ணு மேலயும் தப்பில்ல, அவன் மேலயும் தப்பில்ல. எல்லாருக்கும் நல்லது."

"உங்களுக்கும்."

"எனக்கும்தான். அதுல என்ன?"

எனக்கும்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியாள் வந்திருந்தால் நான் ஏணிமேல் நின்று கத்தியதை யாரும் கிளறப்போவதில்லை. அந்த அறிக்கையை உண்மையிலேயே எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அழகான பொய், நான் எழுதிய ஏழு கதைகளை விடவும் நன்றாக வந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. அழித்துவிட்டு இன்னொன்று எழுதினேன். சம்பத்தின் போன், ஜெகதீசன் சம்பத்திடம் சொன்ன வாக்கியம், நான் திறந்துவிட்டு மூடாத அமைப்பு, நான் கத்திய வாக்கியம். நான்கும் அதில் இருந்தன. லேப்டாப்பில் மூன்றாவது கருவியை நீக்கினேன். மற்ற பன்னிரண்டு லேப்டாப்பிலும் கண்டுபிடிக்கும் அமைப்பை மூடினேன்.

அறிக்கையின் ஒரு பிரதியை ஹேமாவதிக்கும் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"உன்னப் பத்தியும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"இந்தக் கம்பெனி போயிடும் உனக்கு."

போயிற்று. இப்போது நான்கு கம்பெனிகள்தான். சம்பத்தை இரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள். லாட் திரும்பி வந்து உருக்கப் போனது. ஹேமாவதி மேல் தவறில்லை, வேலைக்குத் திரும்பலாம் என்று ஜெகதீசன் கையெழுத்துப் போட்ட கடிதம் அவள் வீட்டுக்கு வந்தது.

8.

முடிவு.

ஒன்று எழுதினேன்: ஹேமாவதி கேட்டுக்குள் நுழைகிறாள், ஆட்கள் எழுந்து... வேண்டாம். ஆட்கள் அப்படியெல்லாம் எழுந்து நிற்க மாட்டார்கள்.

இன்னொன்று: கடிதத்தைக் கிழித்து... அவள் கிழிக்கிற பெண் இல்லை. பத்திரமாக மடித்துவைக்கிற பெண்.

அவள் என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியும். சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதையை அவள் வீட்டுக்கே கொண்டுபோய்ப் படித்துக்காட்டினேன். சம்பத் பேசும் இடத்தில், "அவரு இத்தினி பேசலக்கா, பாதிதான் பேசினாரு" என்றாள். சரிதான், மீதி நான் சேர்த்தது. அப்படியே இருக்கட்டும் என்றாள். கடைசிப் பக்கம் வந்ததும் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள்.

"இது வேணாம்."

"இதுதான் ஹேமா முடிவே. எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும். என்னைய இன்னா பண்ணாங்கன்றத எழுது. நா இன்னா பண்ணேன்றது என்னோட கீது."

வாதாடினேன். கதைக்கு அது எவ்வளவு முக்கியம் என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாளை இரண்டாக மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். பிறகு டீ போட உள்ளே போனாள்.

அதனால் அந்தப் பக்கம் உங்களிடம் இல்லை. கடிதம் வந்த மறுநாள் காலை எட்டரைக்கு அவள் திருமழிசை பஸ் நிறுத்தத்தில் நின்றாள் என்பது வரை சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். அந்த நிறுத்தத்தில் இரண்டு திசைக்கும் பஸ் வரும்.