இருபது மீட்டர் சுருள்

நூலகத்தின் பெரிய வாசிப்பறையில் தினமும் மதியம் மூன்று மணிக்கு எல்லாத் திரைகளும் ஒன்றாக நின்றுவிடுவதாகக் கடிதம் வந்திருந்தது. வெயில் தாழ்ந்ததும் தாமாகவே உயிர் பெற்றுவிடுமாம். கடிதத்தின் கடைசி வரிதான் என்னை நாற்காலியிலிருந்து கிளப்பியது. கேபிள் போட்டவர்களின் வேலை தரமில்லை என்று தெரிவதால், எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு வேறு ஆளை வைக்க உத்தேசம் என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எங்கள் குடும்பப் பெயர் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கிறது. அப்பா தொடங்கிவைத்த வழக்கம். ஒன்பது வருடங்களுக்கு முன் நானும் என் தம்பியும் அங்கே வேலை செய்தோம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. கேபிளை உருவினால் சீட்டுகளும் குப்பைக்குப் போகும். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

இப்போது வேலைகளை நடத்துவது என் மகள். சோதனைக் கருவிகளை அவள் பெட்டியில் அடுக்கினாள். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்தேன்.

"கேபிள் பாக்கப் போறோம்ப்பா, கல்யாணத்துக்கு இல்ல," என்றாள்.

"கல்யாணத்துக்குக் கசங்கின சட்டையில போனாலும் போவேன். இது நம்ம பேரு."

நூலகத்தில் எங்களை வரவேற்றவர் கட்டட மேற்பார்வையாளர். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் நடுவயது அம்மாள். அவர் நடந்தால் சாவிகள் மட்டும்தான் அந்தக் கட்டடத்தில் பேசும். மற்றபடி எங்கும் பஞ்சு அடைத்தது போன்ற அமைதி. உயரமான சன்னல்களிலிருந்து வெளிச்சம் சாய்வாக இறங்கி மேசைகளின் மேல் படுத்திருந்தது. அதற்குள் தூசி ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியவில்லை. வாசிக்கிறவர்கள் தண்ணீருக்கு அடியில் அமர்ந்திருப்பவர்கள் போலத் தெரிந்தார்கள்.

முதலில் செம்புக் கம்பிகளைச் சோதித்தோம். மகள் கீழ்த்தளத்து அறையில், கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் அலமாரி முன் கருவியோடு நின்றாள். நான் அதன் ஜோடிக் கருவியை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக, சுவரிலிருந்த இணைப்புகளில் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டு போனேன். காதில் அவள் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "ஒன்பது சரி. பத்து சரி. பதினொண்ணு சரி." அறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போயின. எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு வந்தேன் என்பது கொஞ்ச நேரத்தில் மறந்துபோனது. அவள் சொல்லும் எண்களைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"அப்பா, பன்னெண்டுல ரெண்டு கம்பி இடம் மாறி உக்காந்திருக்கு."

குனிந்து பார்த்தேன். "இந்தச் சுவர்ப் பெட்டியை யாரோ பிற்பாடு மாத்தியிருக்காங்க. நம்ம சீட்டு இதுல இல்ல."

"அப்பாடா, மூச்சு வந்துச்சா?"

"வேலையைப் பாரு."

செம்பில் வேறு குறை இல்லை. இனிக் கண்ணாடி இழை. கீழ்த்தளத்தையும் மூன்றாம் மாடி வாசிப்பறையையும் இணைப்பது மஞ்சள் உறை போட்ட மெல்லிய கேபிள் ஒன்று. மகள் கருவியை அதில் சும்மா கிடந்த ஓர் உபரி இழையில் மாட்டினாள். அது இழைக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை ஒரு கோடாக வரையும். இழை நலமாக இருந்தால் கோடு மெல்லச் சரிந்துகொண்டே போகும். எங்கே ஒளி சிந்துகிறதோ, அந்தத் தூரத்தில் கோட்டில் ஒரு படி விழும்.

மூன்று மணி ஆகும்வரை கோடு சுத்தமாக இருந்தது. பிறகு, யாரோ உள்ளே கால் வைத்ததுபோல ஒரு படி தோன்றி ஆழமானது. நூற்று எண்பத்தேழு மீட்டர்.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கோபமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. அலமாரிக் கதவின் உட்புறத்தைத் திறந்து காட்டினேன். ஒன்பது வருடத்துக்கு முன் நான் ஒட்டிய அறிக்கை பழுத்துப்போய் இன்னும் அங்கே இருந்தது. 'நூற்று எண்பத்தேழு. வழியில் உபரியாகச் சுற்றிவைத்த சுருளுக்குப் பத்து மீட்டர் கழித்தால் நூற்று எழுபத்தேழு. ஜாயின்ட் பெட்டி. காரணம்: தம்பி போட்ட ஜாயின்ட்.' கீழே என் கையெழுத்து.

அன்று எட்டு ஆட்கள் முன்னால் அவனிடம் சொன்னேன்: உன் கை சரியில்லை, நம் பெயரைக் கெடுக்காதே என்று. அவன் இழை ஒட்டும் கருவியைத் துடைத்தான், பெட்டியில் வைத்துப் பூட்டினான், சாவியை என் கையில் கொடுத்தான், போய்விட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். அந்த ஜாயின்ட்டை வெட்டி, இழை முனைகளை நானே மறுபடி ஒட்டினேன். லைன் வந்தது. அதன்பிறகு அவன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

"குறை எங்க குடும்பத்து வேலையில இல்ல," என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "ஒருத்தன் கையில."

மகள் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பா, உங்க பழைய கருவி ஒரே அலைநீளத்துலதான் பாக்கும். இது ரெண்டுல பாக்குது. நீளமான அலையில இழப்பு மூணு மடங்கு இருக்கு. ஜாயின்ட் மோசம்னா ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே அளவு விழும். இது வளைவு. கேபிள் எங்கயோ இறுக்கமா மடிஞ்சிருக்கு."

"பெட்டிக்குள்ள உன் சித்தப்பா மடிச்சு வெச்சிருப்பான்."

"வாங்க, பாத்துடலாம்."

இழையின் முனையில் சிவப்பு ஒளி விளக்கைச் செருகினாள். இழை மடிந்திருக்கும் இடத்தில் அந்த ஒளி வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும். மூன்றாம் மாடிக் கூரையில் ஒரு சின்னக் கதவு. ஏணியில் ஏறி ஜாயின்ட் பெட்டியைத் திறந்தோம். உள்ளே தம்பி சுற்றிவைத்த இழைகள் அகலமான வட்டங்களாக, தூங்குகிற பூனையைப் போல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எங்கும் சிவப்பு இல்லை. என் ஜாயின்ட் மட்டும் நடுவில் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது.

மகள் பெட்டியை மூடினாள். "இங்க இல்ல."

"அப்ப வேற எங்கயாவது கூரையைப் பிரிச்சுப் பாத்துடலாமே," என்றேன்.

மேற்பார்வையாளரின் சாவிகள் குலுங்கின. "பிரிச்சுப் பாக்க இது பொட்டலமா சார்? போன மாசம்தான் பூசி வர்ணம் அடிச்சோம். ஒரே ஒரு ஓட்டை போட விடுவேன். எந்த இடம்னு நீங்க சொல்லுங்க."

மகள் வரைபடத்தை விரித்தாள். "நூத்தி எண்பத்தேழு கண்ணாடியோட நீளம். வழியில இருக்கற சுருளைக் கழிச்சாத்தான் நடந்து போற தூரம் கிடைக்கும். சுருள் எவ்வளவு?"

"பத்து."

"எண்ணினீங்களா?"

"எங்கப்பா வெச்ச அளவு பத்து. நம்ம வேலையில அது மாறாது."

"போட்டது யாரு?"

சுருள் இருக்கும் சுவர் மாடத்தை மறைத்து இப்போது தரையிலிருந்து கூரைவரை புத்தக அடுக்கு கட்டியிருந்தார்கள். அதைத் திறந்து எண்ண வழியில்லை. மகள் தன் போனை நீட்டினாள். திரையில் 'சித்தப்பா' என்று இருந்தது. ஏற்கெனவே மணி அடித்துக்கொண்டிருந்தது, ஸ்பீக்கரும் போட்டிருந்தாள்.

"என்னம்மா, சாப்பிட்டியா?" ஒன்பது வருடத்தில் அவன் குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

"நான் பேசறேன்," என்றேன்.

அந்தப் பக்கத்தில் ஏதோ கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. "சொல்லுங்கண்ணா."

"நூலகத்துல, மாடத்துல சுருள் எத்தனை மீட்டர் விட்ட?"

"எதுக்கு இப்ப அது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இருபது."

"நம்ம அளவு பத்துதானே? யாரைக் கேட்டு விட்ட?"

"பக்கத்துல யாராவது இருக்காங்களாண்ணா?"

மேற்பார்வையாளர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போனை வாங்கிக் காதில் வைத்துக்கொள்ளலாம் என்று கை எழுந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்தா இருக்கட்டும். சொல்லு."

"அந்த வருஷம் உங்க கை நடுங்க ஆரம்பிச்சிருந்துச்சு. ஒரு ஜாயின்ட்டுக்கு மூணு தடவை, நாலு தடவை வெட்டுவீங்க. வெட்ட வெட்டக் கேபிள் குறையும். ஆளுங்க முன்னால உங்களுக்கு நீளம் போதாம போயிடக் கூடாதுன்னு பத்து சேத்து விட்டேன். வேணுங்கறப்ப இழுத்துக்கலாம்னு."

"அன்னிக்கு நான் கணக்குப் போட்டப்ப ஏன் சொல்லல?"

"எட்டுப் பேர் நின்னாங்க. சுருள் ஏன் இருபதுன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது?"

மகள் வாய்க்குள் கழித்தாள். நூற்று அறுபத்தேழு. விரல் வரைபடத்தில் பத்து மீட்டர் பின்னால் வந்து, மேற்குச் சன்னலை ஒட்டிய மூலையில் நின்றது.

அந்த மூலை எனக்குத் தெரியும். மூலைகளை எப்போதும் நான்தான் கட்டுவேன். எங்கள் கேபிள் வாரிய தலைபோல இருக்கும், திரும்பும் இடத்தில் இஸ்திரி போட்ட மடிப்புப்போல நிற்கும் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்கவே பிளாஸ்டிக் கட்டை ஒரு பல் கூடுதலாக இழுத்துக் கட்டுவேன்.

மேற்பார்வையாளர் ஆளை வைத்து அந்த இடத்தில் கூரையை அறுத்துக் கொடுத்தார். ஏணியில் நானே ஏறினேன். உள்ளே இருட்டு, சூடான சிமெண்டின் வாசனை. இருட்டின் நடுவில் மஞ்சள் உறைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு, மாதுளை முத்துப்போல, துளியும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி என் கட்டு. நுனியை ஒட்ட வெட்டி, வெட்டிய முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிய கட்டு. எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் அப்படி வெட்டுவதில்லை.

எல்லாம் பிடிபட்டது. அன்று ஜாயின்ட்டை மறுபடி போடும்போது கேபிளைத் தள்ளியும் இழுத்தும் எடுத்ததில் இந்த மடிப்பு ஒரு மயிரிழை தளர்ந்திருக்கும், லைன் வந்திருக்கும். நாளாக நாளாக மேற்குச் சுவரில் வெயில் ஏறும்போதெல்லாம் கேபிள் கிடக்கும் தகரத் தட்டு சூடேறி மறுபடி நெரித்திருக்கிறது.

கீழிருந்து மேற்பார்வையாளர் மெதுவாகச் சொன்னார். "காரணம் வெயில்னு எழுதிடுங்க சார். அதுவும் உண்மைதானே. உங்க பேருக்கு ஒண்ணும் வராது."

மகள் அறிக்கைத் தாளோடு நின்றாள். பேனாவைத் திறக்கவில்லை.

"கட்டரைக் கொடு," என்றேன்.

கட்டின் அடியில் கட்டரை நுழைக்க மூன்று தடவை ஆயிற்று. என் கை நடுங்கியதை இருவரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். கட்டு அறுந்ததும் கேபிள் பெருமூச்சு விடுவதுபோல அகன்றது. சிவப்பு மங்கி, மங்கி, இல்லாமல் போனது. வாசிப்பறையில் திரைகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. ஒரே கனவிலிருந்து எழுந்தவர்களைப் போல எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள்.

கீழே இறங்கி, தாளை வாங்கி நானே எழுதினேன். 'காரணம்: மூத்தவர் மூலையில் இறுக்கிக் கட்டிய கட்டு. ஜாயின்ட்டில் குறை இல்லை. பழைய அறிக்கை தவறு.' எழுத்து கோணலாக வந்தது. கையெழுத்துப் போட்டேன். அலமாரிக் கதவிலிருந்து பழையதைக் கிழித்துவிட்டு அதே இடத்தில் இதை ஒட்டச் சொன்னேன்.

"இதைப் படிச்சப்புறமும் கேபிளை உருவறதா இருந்தா உருவுங்க," என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன்.

"எதுக்கு சார்? எந்த இடத்துல தப்புன்னு தெரிஞ்சுபோச்சே," என்றார் அவர்.

அப்போதுதான் போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை என்று கவனித்தேன். மகளின் சட்டைப்பையில் அதன் வெளிச்சம் தெரிந்தது.

"லைன்ல இருக்கியா?" என்று கேட்டேன்.

"இருக்கேண்ணா."

"எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

சட்டையை நீவிவிட்டுக்கொண்டேன். "அந்த மூலையை அகலமா வட்டம் விட்டு மறுபடி கட்டணும். ஜாயின்ட்டையும் புதுசாப் போடணும், நான் போட்டது கோணலா இருக்கு. என் கையால ஆகாது. நாளைக்கு மூணு மணிக்கு வா."

நீண்ட அறையில் வெயில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்தது.

"ரெண்டரைக்கே வந்துடறேன்," என்றான். "மூணுக்கு அந்தச் சுவரு சூடாயிடும்."