பதினாறாம் வகை

விடிவதற்குள் உப்புப் பாத்தியில் இறங்கினால்தான் வெயிலை முந்தலாம். ஆண்கள் வாரிக் குவித்த உப்பைப் பெண்கள் பனையோலைக் கடகத்தில் அள்ளி மேட்டில் கொட்ட வேண்டும். ஈர உப்புக் கடகத்தைத் தனியாகத் தலையில் ஏற்ற முடியாது; ஜோடிக்காரி கை கொடுக்க வேண்டும். பதினோரு வருடமாகச் சண்முகசுந்தரிக்கு ஜோடி இசபெல்லா. அன்றைக்குச் சுந்தரி தானே தூக்கப் பார்த்து, பாதி உப்பைக் காலடியிலேயே கொட்டினாள்.

"ஏளா, கூப்பிட்டா பேச மாட்டியா?" என்றாள் இசபெல்லா.

"உன் சோலியப் பாருளா."

காரணம் ஒரு சோதனைச் சீட்டு. போன மாதம் உப்பளத்துப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ச் சோதனை நடந்தது. நேற்றுச் சாயங்காலம் முடிவு வந்தது. சுந்தரிக்கு அந்த இடத்தில் மாற்றம் இருக்கிறதாம், ஹெச்.பி.வி. கிருமி, பதினாறாம் வகை. ரேஷன் கார்டை ஒப்பிடுவதுபோல் அவளும் இசபெல்லாவும் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவளுக்கும் அதே பதினாறு.

படுக்கையில் தொற்றுகிற கிருமி என்று யாரோ சொன்னதும் சுந்தரிக்குச் சந்தேகம் தட்டியது. மழை நாளில் தன் புருஷன் பாண்டியராஜன் இசபெல்லாவை வண்டியில் ஏற்றி வந்தது ஞாபகம் வந்தது. இசபெல்லாவுக்குப் புருஷன் செத்து ஆறு வருடம், இன்னும் தலையில் பிச்சிப்பூ! பொறாமைக்குக் கண் கிடையாது, கணக்கு மட்டும் உண்டு. பதினாறும் பதினாறும் ஒன்று.

கஞ்சி வேளையில் நர்ஸ் ஜெனிஸ் வந்தாள். சுந்தரி எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டாள்.

"ரெண்டு பேருக்கு ஒரே நம்பர்னா, ஒரே ஆளுகிட்ட இருந்துதான சிஸ்டர் வந்திருக்கும்?"

ஜெனிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்தச் சுத்துவட்டாரத்துல மாற்றம் இருக்குன்னு ரெண்டாம் சோதனைக்குக் கூப்பிட்டிருக்கது முப்பது பேர. அதுல பதினெட்டு பேருக்குப் பதினாறாம் வகைதான். பதினெட்டு பேரும் உங்க வீட்டுக்காரரையா கட்டியிருக்காவ?"

சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுந்தரிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

"எந்த வருஷம், யார்கிட்ட இருந்து வந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா. இது இன்னும் புற்றுநோய் இல்ல. கவனிக்காம விட்டா ஆகலாம். வியாழக்கிழமை ரெண்டாம் சோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் வாங்க."

"வியாழக்கிழமை உப்பு ஏத்த லாரி வருது." மேட்டில் முதலாளி சிவனணைந்தபெருமாள் நின்றிருந்தார். "போறவ திரும்பி வர வேண்டாம். யார் யாருக்குச் சீக்குன்னு பேரச் சொல்லுங்க. இன்னைக்கே நிப்பாட்டுதேன்."

இசபெல்லா சுந்தரியையே பார்த்தாள். நேற்றென்றால் சுந்தரி இசபெல்லாவின் பெயரைச் சந்தோஷமாகச் சொல்லியிருப்பாள். இப்போது எழுந்து நின்றாள்.

"எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. சண்முகசுந்தரி."

"இசபெல்லா."

"பேபி."

"ஏளா, உனக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு வந்திருக்கே?" என்றாள் பக்கத்தில் இருந்த வடிவம்மாள்.

"கூடப் போக ஆள் வேண்டாமா?" என்றாள் பேபி.

வடிவம்மாளும் எழுந்தாள். அங்கிருந்த பதினாலு பெண்களின் பெயரும் வந்தன.

"எல்லாரும் போனா லாரிய யாரு ஏத்துவா?" என்றார் முதலாளி.

"அதத்தான் அண்ணாச்சி நாங்களும் கேக்கோம்," என்றாள் சுந்தரி.

அவர் மேட்டைவிட்டு இறங்கிப் போனார். வெள்ளிக்கிழமை வேலை இருக்குமா என்று ஒருத்திக்கும் தெரியாது.

சுந்தரி கடகத்தை நிரப்பினாள். இசபெல்லா தலையில் இருந்த பிச்சிப்பூ இன்னும் கண்ணை உறுத்தத்தான் செய்தது.

"வியாழக்கிழமை எனக்கும் ஒரு முழம் கொண்டா."

"ஆஸ்பத்திரிக்கா?"

"நீ மட்டும் வச்சிட்டு வருவ, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமோ? பிடிளா!"

இசபெல்லா குனிந்து கை கொடுத்தாள். கடகம் ஒரே மூச்சில் தலைக்கு ஏறியது.