ஹேசல்டீன் தெருவில் ஒரு வாடகை வீடு

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ரொவீனா டக்கெட் எனக்கு இதை மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் பேருந்தின் நிறம் வேறாக இருந்தது. ஆனால் அவள் இறங்கி நின்ற தெரு மட்டும் மாறவேயில்லை.

அப்போது அவளுக்கு அறுபத்தோரு வயது. சாக்ரமெண்டோ தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து ஓய்வு பெற்றவள். கணவன் இறந்து வந்த காப்பீட்டுப் பணமும் சேமிப்பும் சேர்ந்து அறுபத்தேழாயிரம் டாலர் இருந்தது. அதற்கு மேல் எங்கிருந்தும் ஒரு காசு வராது. அதை ஒரு வாடகை வீடாக மாற்றிவிட்டால் சாகும்வரை யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள்.

விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் இரண்டு நாள் முதலீட்டு வகுப்பு நடந்தது. நடத்தியவன் பிராக்ஸ்டன் என்ற, பல் பளிச்சிடும் ஆள். மதிய உணவு இடைவேளையில் எல்லோரும் கிரெடிட் கார்டு கம்பெனிக்குப் போன் போட்டு வரம்பை உயர்த்தச் சொல்ல வேண்டும், அதுதான் முதல் வீட்டுப்பாடம் என்றான். ரொவீனாவும் போட்டாள். உயர்த்திய வரம்பிலிருந்து ஒன்பதாயிரம் சாயங்காலமே அவனுடைய ஒரு வருஷப் பயிற்சிக்குப் போய்விட்டது. பதிலுக்கு அவன் கொடுத்தது நாற்பது கேள்விகள் அடங்கிய ஒரு தாளும், கிளீவ்லாந்தில் ஒரு கம்பெனியின் பெயரும். பழைய வீட்டை வாங்கிப் பழுதுபார்த்து, ஆளையும் குடிவைத்து, வாடகை வரும் வீடாகக் கையில் கொடுக்கும் கம்பெனி.

கிளீவ்லாந்து என்ற பெயரை அவள் இன்னொரு தடவை படித்தாள். பதினோரு வயதுவரை அவள் வளர்ந்த ஊர் அது. அப்பாவுக்குக் கலிபோர்னியாவில் வேலை கிடைத்து எல்லோரும் கிளம்பிய நாளுக்குப் பிறகு அவள் அங்கே போனதேயில்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, கம்பெனியின் பேருந்தில் பன்னிரண்டு பேர். எல்லோரும் கலிபோர்னியாக்காரர்கள், எல்லோர் மடியிலும் அதே நாற்பது கேள்வித் தாள். அழைத்துப் போனவன் டெவின், முப்பது வயதுகூட இருக்காது. யாராவது ஒரு வீட்டுக்கு முன்பணம் எழுதிக் கொடுத்தால் டிரைவர் ஹாரனை இரண்டு தடவை அடிப்பார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். காலையிலேயே மூன்று முறை அடித்தாயிற்று. இன்னும் வாங்காதவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

நான்காவது வீட்டுக்குப் பேருந்து திரும்பியபோது ரொவீனா ஜன்னலில் கையை வைத்தாள். ஹேசல்டீன் தெரு. முனையில் இருந்த ரொட்டிக் கடை இல்லை. சின்ன வயதில் அவள் குடும்பம் குடியிருந்த வீடும் இல்லை. அங்கே முழங்கால் உயரத்துக்குப் புல். ஆனால் நாலு வீடு தள்ளி, அதே அச்சில் வார்த்தது போல ஒரு வீடு நின்றது. அதே மூன்று படி, அதே சாய்வான முகப்பு, பக்கச் சுவரில் நிலக்கரி கொட்டும் அதே சின்ன இரும்புக் கதவு. அம்மா அந்தக் கதவருகில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் காதில் விழுந்தது போலிருந்தது.

அறுபத்து நாலாயிரம், வாடகை எழுநூற்றைம்பது என்று டெவின் சொல்லி முடிப்பதற்குள், இது எனக்கு என்று அவள் சொல்லிவிட்டாள். அவன் முன்பண ஒப்பந்தத் தாளை எடுத்துக் கொடுத்தான். உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினாள்.

கூரைக்கு டிக், ஹீட்டருக்கு டிக், மின்சாரத்துக்கு டிக். கடைசியாக வீட்டுக்கு அடியில் இருந்த பேஸ்மென்டுக்குப் படி இறங்கினாள். சுவர் முழுக்க வெள்ளை, தரை முழுக்க சாம்பல் நிறம், பெயிண்ட் வாசனை மூக்கை அடைத்தது. ஐந்தாவது படியில் அவள் நின்றுவிட்டாள்.

அவர்களுடைய பழைய வீட்டில் இதே ஐந்தாவது படியில்தான் அவளும் தம்பி லூதரும் உட்காருவார்கள். வசந்தகால மழையில் சாக்கடை எதிர்த்து ஏறி, கீழே தண்ணீர் நிற்கும். அப்பா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாளியால் அள்ள, இவர்கள் கேக் தட்டைக் கப்பலாக விடுவார்கள். அவளுடைய குழந்தைப் பருவத்திலேயே சந்தோஷமான நினைவு அது. இத்தனை வருஷமாக அதை ஒரு குறையாக அவள் நினைத்ததே இல்லை.

அங்கேயே நின்று லூதருக்குப் போன் போட்டாள்.

"தண்ணியா? அது சித்தி வீட்டுல, ரோ. நம்ம தெருவுல எங்க வந்துச்சு?"

"டேய், அப்பா பூட்ஸ் போட்டு அள்ளினாரே."

"பனி அள்ளியிருப்பாரு. உனக்குப் போன வாரம் சாவியை எங்க வெச்சோம்னே தெரியல. ஐம்பது வருஷத்துக்கு முந்தின தண்ணி மட்டும் ஞாபகம் இருக்கா?"

அவன் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. அவன் சொல்வதே சரியாகவும் இருக்கலாம். நாற்பது கேள்விகளில் இதற்கு ஒரு கேள்வி இல்லை. மனசைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று பிராக்ஸ்டன் பத்துத் தடவை சொல்லியிருந்தான். இந்த வீட்டை வாங்கச் சொல்வதும் மனசுதான், வேண்டாம் என்பதும் அதுதான். மேலே காலடிச் சத்தங்கள் போய் வந்துகொண்டிருந்தன.

அவள் வெளியே வந்தபோது, அந்த வீட்டில் குடியிருப்பவள் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். பெயர் ஷானிஸ். பிப்ரவரியில் குடிவந்தவள். வீட்டைத் திறந்து காட்டுவதற்குக் கம்பெனி அவளுக்கு ஐம்பது டாலர் பரிசுக் கூப்பன் கொடுத்திருந்தது. டெவின் இரண்டடி தள்ளி நின்றான். தண்ணீர் வருமா என்று நேராகக் கேட்டால் அந்தப் பெண்ணுக்கு வம்பு என்று ரொவீனாவுக்குத் தோன்றியது.

"துணியெல்லாம் எங்கம்மா துவைக்கிற?"

"முனையில லாண்ட்ரி இருக்கு. அங்க தூக்கிட்டுப் போவேன்."

"கைக்குழந்தையை வெச்சுக்கிட்டா? கீழ மெஷினுக்குப் புதுசா குழாயெல்லாம் போட்டிருக்காங்களே."

ஷானிஸ் டெவினைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

"மெஷின் இருந்துச்சு. ஏப்ரல்ல போயிடுச்சு."

"பழசா?"

"அக்கா வாங்கிக் குடுத்தது. புதுசு."

ஏப்ரல் என்றால் வசந்தகால மழை என்று ரொவீனாவுக்குத் தெரியும். எதிர் வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பேருந்துக்கு நடக்கும்போது டெவின் மெதுவாகச் சொன்னான்.

"மிஸ் ரொவீனா, இந்த ஊர்ல எல்லாப் பேஸ்மென்டும் கொஞ்சம் ஈரமாத்தான் இருக்கும்."

"தெரியும் தம்பி. நான் இங்க பொறந்தவ."

அவன் முகம் மாறியது. அவள் நின்று, என்னை அனுப்பிய பிராக்ஸ்டனுக்கு நீங்கள் எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்டாள். அவன் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"வீட்டுக்கு மூவாயிரம். அது வழக்கம்தான், மிஸ் ரொவீனா."

"அவனுக்கு நானும் ஒன்பது குடுத்திருக்கேன். ரெண்டு பக்கமும் சாப்பிடுறவன் எனக்கு எப்படிப் பரிமாறுவான்?"

கையெழுத்துப் போடாத ஒப்பந்தத் தாளை அவள் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், வீட்டை அல்ல, அந்த மூன்று படிகளை. அவளுடைய தெருவில் அவளுக்கென்று ஒரு வாசல் இனி கிடைக்கப்போவதில்லை.

பின் இருக்கையில் சான் ஹோசேயிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி. அவர்கள் அந்த வீட்டைக் கேட்டார்கள். ரொவீனா திரும்பி, கீழே தண்ணீர் ஏறும், வாங்காதீர்கள் என்றாள். கணவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். எங்கே பார்த்தீர்கள் என்றான். சின்ன வயசில் என்றாள். அவன் மனைவியின் மடியிலிருந்த தாளைப் பார்த்தான். நாற்பதும் டிக் ஆகியிருந்தது. டிரைவர் ஹாரனை இரண்டு தடவை அடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ரொவீனா அந்த ஒன்பதாயிரத்தை வட்டியோடு நாலு வருஷத்தில் கட்டி முடித்தாள். அந்தப் பயணம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, கலிபோர்னியாவிலேயே ஸ்டாக்டனில் ஒரு சின்ன வீடு வாங்கினாள். மழை நாளாகப் பார்த்துத் தனியாகப் போய் மூன்று முறை பார்த்த பிறகு. அதன் வாடகையில்தான் இப்போது காலம் தள்ளுகிறாள். சான் ஹோசே தம்பதி ஐந்து வருஷம் அந்த வீட்டை வைத்திருந்து, தண்ணீரை நிறுத்த இரண்டு முறை பேஸ்மென்டைத் தோண்டி, வாங்கிய விலைக்கே விற்றார்கள். ஷானிஸ் அடுத்த கோடையில் ஆக்ரனில் இருந்த அக்காவிடம் போய்விட்டாள். டெவின் கம்பெனியை விட்டு, கார் காப்பீடு விற்கிறான். பிராக்ஸ்டன் வேறு பெயரில் வேறு ஹோட்டல்களில் வகுப்பு நடத்துகிறான். லூதர் 2019இல் இறந்தான்.