நூறு வாட்ஸ் டியூனரும் அறுநூறு வாட்ஸ் கதாசிரியனும்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது கற்பனையில் அல்ல, கருகிய நாற்றத்தில்.

முதல் தொடக்கம்: ‘நீல மின்பொறி ஒன்று பெட்டிக்குள்...’ (அடித்துவிட்டேன். பொறியைப் பார்க்காதவன் எப்படி எழுதுவது? இங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.)

2
என் மனைவி, வீட்டிலிருந்தே ரேடியோவில் பேச லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரி. அவள் தம்பிக்கு, போன் எட்டாத ஒரு தீவில் வானிலை நிலைய வேலை. ஞாயிறு காலை பத்து மணிக்கு ரேடியோவில் பேசிக்கொள்வார்கள். போன வாரம் அவன், “அக்கா, நீ பேசறது சரியா கேக்கல” என்றான். உடனே சிக்னலுக்கு வலுவேற்றும் அறுநூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிட்டாள்.

ஆனால் ஆன்டெனாவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து சமாதானம் பேசும் டியூனர்* தாங்குவது நூறு வாட்ஸ்தான்.

“பெரிய டியூனர் வர்ற வரைக்கும் ஆம்ப்ளிஃபயரத் தொடாதீங்க” என்றாள்.

நான் தொடவில்லை. (பொய். இருக்கட்டும்.)

இன்று ஞாயிறு காலை அவள் கடைக்குப் போனதும், வர்ணனைக்காக மட்டும், ஆம்ப்ளிஃபயரைப் பழைய டியூனரோடு இணைத்துப் பொத்தானை அழுத்தினேன். பொறி நீலம்தான். விவரம் அருமையாகக் கிடைத்தது, டியூனர் போய்விட்டது.

* எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லை.

3
முடிவு அ: பல்லி உள்ளே விழுந்தது. (பல்லிக்கு எங்கே போவேன்?)

முடிவு ஆ: மின்னல். (வெளியே வெயில் கொளுத்துகிறது.)

முடிவு இ: நான்தான்...

மணி ஒன்பது நாற்பது. அங்கே தீவில் அவள் தம்பி காத்திருப்பான். வெட்கமாக இருக்கிறது.

4
“என்னங்க நாத்தம்?” என்றபடி கடையிலிருந்து வந்தாள்.

“கதை எழுதறேன்.”

தாள்களை வாங்கி இதுவரை படித்தாள்.

“பொறி நீலமா?”

“நீலம்.”

“நல்லா எழுதியிருக்கீங்க. எந்திரிங்க.”

அலமாரியிலிருந்து ஒரு கம்பிச் சுருளை எடுத்தாள். “இது அந்த அலைவரிசைக்கே அளந்து வெட்டின ஆன்டெனா. டியூனர் வேண்டாம். ஒரு முனைய மரத்துல கட்டிடலாம். இன்னொண்ண மாடியில உயரத் தூக்கிப் புடிக்க ஆள் வேணும்.” என் கையில் மூங்கில் கம்பைக் கொடுத்தாள்.

“எவ்வளவு நேரம்?”

“அவன் பேசி முடிக்கிற வரைக்கும். ஆடக் கூடாது, சொல்லிட்டேன்.”

5
மாடியிலிருந்து எழுதுகிறேன். பத்து மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம். ரேடியோ கீழே இருக்கிறது, இங்கே ஒன்றும் கேட்காது. கம்பைத் தூக்கினால் பேனாவை வைத்துவிட வேண்டும்.

இதைப் படிக்கும் நீங்கள் கீழேதானே இருக்கிறீர்கள்? தம்பி பதில் சொன்னால், மாடிப்பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுங்கள்.