எட்டு டிகிரியில் வைத்த மல்லிகை

எழுதிப் பழகாத கை என்னுடையது. மரக்காணத்து உப்பளக் கரையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் கதையென்று பெயரிட்டுத் தங்கள் முன் வைக்கத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். சொற்குற்றமும் இருக்கும், பொருட்குற்றமும் இருக்கும். கதைக்குரிய ஆன்மேரியின் நல்ல மனத்தை எண்ணியாவது அவற்றைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஆன்மேரி கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பூக்கடை வைத்திருப்பவள். அவள் தொடுக்கும் சரத்தில் காம்பு தெரியாது, நார் தெரியாது, பூ மட்டுமே தெரியும். ஆனால் வைகாசி வெயிலுக்கு அந்த நேர்த்தியெல்லாம் ஒரு பொருட்டா? உப்பளத்தைத் தடவி வரும் காற்று உச்சிப்பொழுதுக்குள் மல்லிகையைப் பழுப்பாக்கிவிடும். மாலையில் மீந்த பூவைக் கூடையோடு குப்பையில் கவிழ்க்கும்போது, பிள்ளையைப் பட்டினி போட்டவள் போல அவள் முகம் சுண்டிப் போகும்.

இதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் கணவன் அற்புதராஜ், மூடிவிட்ட ஐஸ்கிரீம் கடையொன்றிலிருந்து பழைய ப்ரீசர் பெட்டியை வாங்கி வந்தான். அவன் உப்பளத்தில் மேஸ்திரி. பாத்தியில் நிற்கும் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தே, இன்று உப்பு வாரலாமா, நாளை வாரலாமா என்று சொல்லக்கூடியவன். அந்தப் பெட்டிக்கோ ஒரே தொழில்தான் தெரியும்: எதை வைத்தாலும் கல்லாக உறைய வைப்பது. பூவுக்கு வேண்டியது குளிர்ச்சி, உறைவு அன்று. அதற்கென்று ஆன்மேரி செல்பேசியில் தேடி ஒரு கன்ட்ரோலரை வரவழைத்தாள்.

கைக்கு அடக்கமான கருவி அது. சுவர் ப்ளக்கில் அதைச் செருகி, அதன் முகத்தில் ப்ரீசரின் ப்ளக்கைச் செருக வேண்டும். அதிலிருந்து நீளும் கறுப்பு வயரின் நுனியில் சுண்டுவிரல் நகமளவு சென்சார். சென்சார் இருக்கும் இடத்தில் வெப்பம் எட்டு டிகிரிக்கு மேல் ஏறினால் ப்ரீசருக்கு மின்சாரம் விடும். எட்டுக்கு இறங்கியதும் நிறுத்திவிடும். சென்சாரைப் பெட்டிக்குள் தொங்கவிட்டு ஒரு முழம் மல்லிகையை வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் எடுத்தபோது அது அப்போதுதான் பறித்தது போலிருந்தது.

"மாதா புண்ணியம்!" என்று ஆன்மேரி அந்த முழத்தைத் தலையில் சூடிக்கொண்டாள்.

அந்தத் தைரியத்தில்தான் அவள் மாதா சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். மாதா வணக்க மாதமான மே மாதத்தின் நிறைவு விழா ஞாயிறன்று மாலை வரும். அன்று சப்பரத்தில் மாதா பவனி. வழக்கமாகப் புதுச்சேரிக் கடைக்காரர் ஒருவர்தான் சப்பரம் சோடிப்பார். அவர் பூ வந்து சேரும்போதே பாதி வாடியிருக்கும்.

"இந்தத் தடவ நான் சோடிக்கிறேன் செல்வியக்கா. சப்பரம் முழுக்க மல்லிதான்."

சங்கத் தலைவி ஆரோக்கியசெல்வி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சனிக்கிழம முகூர்த்தம்டி. ஊர்ல ஒரு பூ கெடைக்காது."

"வெள்ளிக்கிழமையே வாங்கி வெச்சிடுவேங்க."

"ரெண்டு நாளு தாங்குமா? மாதா முன்னாடி என் மானத்த வாங்கிடாதடி."

"தாங்கும்க்கா. இது என் பொறுப்பு."

சொல் கொடுத்தாயிற்று. அது நிலைத்தால் செப்டம்பர்த் திருவிழாவும் அவள் கைக்கு வரும் என்று ஆரோக்கியசெல்வியே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

வெள்ளியன்று மாலை மூட்டை மூட்டையாக மல்லிகை வந்தது, ரோஜா வந்தது, சம்பங்கியும் வந்தது. ஈரத்துணி விரித்துப் பெட்டிக்குள் அடுக்கி, நடுவில் சென்சாரைத் தொங்கவிட்டு மூடினாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு கோவிலுக்குச் செபமாலை சொல்லப் போனாள்.

வீட்டில் அற்புதராஜ் தனியாக இருந்தான். பெட்டி "டக்" என்று ஓடத் தொடங்கியது. சிறிது நேரத்தில் "டக்" என்று நின்றது. மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. ஒவ்வொரு "டக்"குக்கும் அவன் நெஞ்சும் சேர்ந்து அடித்துக்கொண்டது. உப்பளத்தில் இப்படித்தான் ஒரு மோட்டார் விட்டுவிட்டு ஓடிக் கருகிப் போனது. ஆசையாய் வாங்கிய பெட்டி. நாளை மறுநாள் பவனி. மோட்டார் புகைந்துவிட்டால் அவள் கதி?

அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. சென்சார் வெறுங்காற்றில் தொங்குவதால்தானே இத்தனை பரபரப்பு? தண்ணீருக்குள் போட்டால் நிதானம் வரும். ஆனால் நல்ல தண்ணீர் உறைந்துவிட்டால் சென்சாரைக் கவ்விக்கொள்ளுமே! உப்பளத்தானுக்கு உறையாத தண்ணீருக்கா பஞ்சம்? பகலெல்லாம் வெயில் குடித்த முற்றிய உப்புத்தண்ணீர் பெரிய கேன் நிறைய முற்றத்தில் இருந்தது. அதை மல்லிகை நடுவே இறக்கினான். சென்சாரை அதற்குள் முக்கினான். பெட்டி ஓடத் தொடங்கியது, நிற்கவேயில்லை. "இப்பதான் ஒழுங்கா ஓடுது" என்று மனநிறைவோடு மூடியைத் தட்டிக் கொடுத்தான்.

கோவிலிலிருந்து திரும்பிய ஆன்மேரி கன்ட்ரோலரைப் பார்த்தாள். "ஏங்க, இன்னும் இருபத்தெட்டு காட்டுது?"

"இப்பதானே இவ்ளோ பூ வெச்சிருக்கோம். மெதுவா எறங்கும் மேரி. தொறக்காத, குளிர் போயிடும்."

"சரிங்க" என்றாள். அவன் சொல்லை நம்பிப் படுத்தாள். அவன் கேனைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறைக்க வேண்டும் என்பதற்காக அன்று. காலையில் சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்பதற்காக.

விடிந்ததும் அவனே அவளைக் கூப்பிட்டான். "வந்து பாரு! எட்டு! சொன்ன மாதிரி எட்டுல நிக்குது பாரு!"

எட்டுதான். மூடியைத் திறந்தாள். மல்லிகை முன்னைவிட வெண்மையாக, பளபளவென்று இருந்தது. கை நிறைய அள்ளினாள். பாசிமணி குலுக்கியது போல அது கலகலத்தது.

உள்ளங்கைச் சூட்டில் மொட்டு ஒவ்வொன்றும் கண்ணாடியாகி, பிறகு வெந்த கீரையாகித் துவண்டது. ரோஜா இதழ் தொட்டவுடன் நொறுங்கியது. அப்போதுதான் நடுவில் நின்ற கேன் அவள் கண்ணில் பட்டது.

"இது இன்னாங்க?"

அவன் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

கன்ட்ரோலர் பொய் சொல்லவில்லை. தன் சென்சாரை வைத்த இடத்தின் செய்தியைத்தான் சொன்னது. சூடான உப்புத்தண்ணீர் எட்டுக்கு இறங்கப் பொழுது விடிய வேண்டியிருந்தது. அதுவரை பெட்டி மூச்சு விடாமல் ஓடி, சுற்றியிருந்த பூவையெல்லாம் உறைய வைத்துவிட்டது.

அவன் முதலில் கூவிய சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக் குப்பம்மாள் வந்தாள். கடலுக்குப் போகும் குடும்பத்தவள். மீன் விற்கும் வாய்.

"இன்னாண்ணே, மீனுக்குத்தான் ஐஸும் உப்பும் வெப்பாங்க. பூவுக்குமா வெச்சே? வஞ்சிரம்னு நெனச்சிக்கினியா?"

அற்புதராஜ் தலை நிமிரவில்லை. "மோட்டார் போயிடும்னு பயந்துட்டேன் மேரி. நீ ஆசப்பட்டது..."

கத்த வேண்டும் என்றுதான் ஆன்மேரி வாயைத் திறந்தாள். உப்பில் வெடித்த அவன் பாதங்கள் கண்ணில் பட்டன. விடிந்ததும் பாத்திக்குப் போக வேண்டியவன் போகாமல் நின்றுகொண்டிருந்தான். "ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

பிறகு கேனைத் தூக்கச் சொன்னாள். தூக்கியதும் இருவரும் வியந்தார்கள். கேனை ஒட்டிக் கிடந்த மல்லிகை மட்டும், அந்தத் தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு, மெத்தென்று மொட்டாகவே இருந்தது. ஒரு மாலை தொடுக்கப் போதும்.

ஆரோக்கியசெல்வி வீட்டுக்கு இருவருமாகப் போனார்கள். "தப்பு என்னுதுங்க. அவ மேல கோவப்படாதீங்க" என்று அற்புதராஜ் முந்திக்கொண்டான்.

"பொறுப்பு என்னுதுன்னு சொன்னது நான்தானேங்க" என்றாள் ஆன்மேரி.

ஆரோக்கியசெல்வி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "புருஷன் பொண்டாட்டி சண்டைய வீட்ல வெச்சிக்காம, தப்புக்குப் போட்டி போட இங்க வந்தீங்களா? மாதாவுக்கு ஐஸ்கிரீம் மாலதான் போடப் போறீங்களா?" பிறகு பெருமூச்சு விட்டார். "சரி. இருக்கிறத வெச்சி சோடி. ஆனா செப்டம்பருக்கு நான் பாண்டிக்கே சொல்லிடறேன். கோச்சிக்காதடி, சங்கத்துக்குப் பதில் சொல்றவ நான்."

"நீங்க சொல்றது நாயந்தாங்க" என்றாள் ஆன்மேரி. கைக்கு வரவிருந்த திருவிழா நழுவியது; ஆயினும் நியாயம் நியாயமல்லவா?

ஞாயிறன்று குப்பம்மாள் தெருக்கோடியிலிருந்து அரளி பறித்து மடி நிறையக் கொண்டு வந்தாள். சங்கத்துப் பெண்கள் வாசலில் படர்ந்த காகிதப்பூவை வெட்டித் தந்தார்கள். அற்புதராஜ் தென்னங்குருத்தில் தோரணம் பின்னினான். பின்னத் தெரியாமல் பின்னி, ஆன்மேரியிடம் மூன்று முறை குட்டு வாங்கினான். மாலையில் சப்பரம் இளஞ்சிவப்பாக அசைந்து வந்தபோது, மாதாவின் கழுத்தில் மட்டும் மல்லிகை மணத்தது. நூறு கண்ணுக்கு அது குறை; ஆன்மேரிக்கும் குறைதான். ஆனாலும் அவள் அழுதது அதற்காக அன்று. அவன் பின்னிய தோரணத்தில் ஒன்று தலைகீழாகத் தொங்கியது. கூட்டத்தில் அவளைத் தவிர எவர் கண்ணிலும் அது படவில்லை.

மறுநாள் இருவரும் கன்ட்ரோலரோடு வந்த தாளை விரித்துவைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். நின்ற மோட்டார் உடனே ஓடாமல் சற்றே காத்திருக்க வைக்கவும் அதில் ஒரு பொத்தான் இருந்தது.

"இத மொதல்லயே படிச்சிருக்கலாம்ல?" என்றாள்.

"நீ சொல்லி நான் எப்போ கேக்கல?"

"இதுக்குப் பதில் சொன்னா விடிஞ்சிடும். வயர புடிங்க."

இழந்தவை வருமாறு:

மல்லிகை, ஒன்பது கிலோ.
ரோஜா, நான்கு கட்டு, முழுவதும்.
சம்பங்கி, இரண்டு கிலோ.
ஈரத்துணி ஒன்று, பூவோடு உறைந்து கிழிந்தது.
அற்புதராஜுக்கு உப்பளத்தில் ஒரு நாள் வேலை.
செப்டம்பர்த் திருவிழாச் சப்பரம்.