மெக்கானிக் கடைக்குப் போகிற வண்டி

என் புருஷன் அருள்தாஸுக்குக் கார் பைத்தியம். எங்களிடம் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது. அதில் அரிசி மூட்டை ஏற்றலாம், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்து போகலாம். அதெல்லாம் காரே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மணப்பட்டுப் பக்கம் ஓட்டிப்போக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமாம். அவர் வில்லியனூரில் ஒரு ஃபாக்டரியில் மெயின்டனன்ஸ் இன்ஜினீயர், நான் நர்ஸ். புதுசுக்கெல்லாம் எங்கள் சம்பளம் காணாது. அதனால் பழசாகத் தேடினோம்.

பழசிலும் அவருக்குக் கண்டது ஆகாது. பாண்டிச்சேரியில் ஒன்றைப் பார்த்தோம். பளபளவென்று இருந்தது. ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு இறங்கி, "தூக்கம் வருது ரோஸ்லின். எல்லாத்தையும் அதுவே பண்ணிக்குது, நான் இன்னாத்துக்கு?" என்றார். கடலூரில் இன்னொன்று. அதை வைத்திருந்தவர் விளக்கு, இறக்கை, ஸ்டிக்கர் என்று தேர் மாதிரி ஜோடித்திருந்தார். "வடம் எங்கண்ணா, இழுக்க?" என்று கேட்டுவிட்டேன். அந்த மனுஷன் எங்களுக்கு டீகூடச் சொல்லவில்லை.

மூன்றாவதுதான் இது. சிவப்பு, இரண்டே சீட்டு, துணிக் கூரை, கையால் கியர் போடுகிற வண்டி. கூரையை மடிக்க இரண்டு பேர் மல்லுக்கட்ட வேண்டும். ஏசி தனக்குத் தோன்றினால் வரும். டிக்கியில் ஒரு குடம் வைக்க இடமில்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்கூடக் கையில் தெரிகிறது. ஓட்டிப் பார்த்தபோது எனக்கே ஆசை வந்துவிட்டது. அதன் குறைகளையும் சேர்த்தே பிடித்துப்போனது.

விற்கிறவர் பெயர் வீரமணி. நெட்டில் விளம்பரம் போட்டிருந்தார். போனில் வாய்க்கு வாய் 'ப்ரோ'. லொகேஷன் அனுப்பியதும் அருள்தாஸ் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிருமாம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அவருடைய சொந்த ஊர்தான். வண்டி நின்றது ஊர்த்தெருவில், கரும்பும் நெல்லுமாக நிலம் வைத்திருக்கிற பெரிய வீட்டில். இவர் பிறந்து வளர்ந்தது அதே ஊரின் காலனியில். இவர் அப்பா சூசைநாதன், என் மாமனார், வயசுக் காலம் முழுக்க அந்த வீட்டு டிராக்டரை ஓட்டியவர். இப்போதும் காலனியில்தான் இருக்கிறார்.

நாங்கள் போய் இறங்கியதும் வீரமணி, "நீ சூசை மவன் இல்ல?" என்றார். அதோடு 'ப்ரோ' போய்விட்டது. "நீங்க மெயின் ரோட்டாண்ட நில்லுங்க, நான் வண்டிய அங்க கொண்டாரேன். அங்கதான் ரோடு நல்லா இருக்கும், ஓட்டிப் பாக்கலாம்" என்றார். நாங்களும் நம்பினோம். படித்து என்ன, வேலை பார்த்து என்ன, அசடுகள் மாதிரி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றோம். பிடித்துவிட்டது, விலை பேசினோம், மறுநாளே பணத்தை அனுப்பிவிட்டோம்.

அன்று சாயந்திரம் வீரமணியின் போன் வந்தது. அருள்தாஸ் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"ஒரு சின்ன விஷயம் தம்பி. நீங்க ரோட்டுல நின்னத எங்க பெரியப்பா பாத்துட்டாரு. உங்களுக்கு வித்தேன்னு தெரிஞ்சா தெருவுல பேச்சு வரும். நீ வராத, உங்க அப்பாவ அனுப்பு. அவரு எடுத்துனு போனா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. நம்ம வண்டிய மெக்கானிக் கடைக்கு எடுத்துனு போறாருன்னு நெனச்சிப்பாங்க. அப்பறம் சென்னை பார்ட்டிக்கு வித்துட்டேன்னு நான் சொல்லிக்கறேன். ஊருக்குள்ள மட்டும் அத்த கொண்டாராதீங்க. வேணும்னா கொஞ்சம் பணம் திருப்பிப் போட்டுடறேன்."

எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது. அவர்கள் டிராக்டரை என் மாமனார் அந்தத் தெருவில் ஓட்டியபோது தெரு ஒன்றும் தேய்ந்துபோகவில்லை. அவர்கள் வண்டியை நாங்கள் ஓட்டலாம், எங்கள் வண்டியை நாங்கள் ஓட்டக்கூடாது. அதற்குத் தள்ளுபடி வேறு! இதையும் என்னமோ நமக்கு உதவி செய்கிற குரலில் சொன்னான் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

வண்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பணத்தை எடுத்து வை என்று அருள்தாஸ் சொல்வார் என்று பார்த்தேன். "அப்பாகிட்ட பேசிட்டு சொல்றேன்" என்று போனை வைத்தார்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? உங்க வண்டிக்கு உங்க அப்பாவ திரும்பவும் அவங்க டிரைவராக்கப் போறீங்களா?"

"கத்தாத. நம்ம கைக்கு வந்துட்டா அப்பறம் யாரு இன்னா பண்ண முடியும்?"

மாமனாரோ துள்ளினார். "இதுல இன்னாடா இருக்குது? நான் ஓட்டாத தெருவா? உன் வண்டிய எடுத்துனு வர எனக்குக் கசக்குதா?" அவர் சந்தோஷப்பட்டது எனக்கு இன்னும் எரிந்தது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து அவமானத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை அருள்தாஸ் மெயின் ரோட்டில் நின்றுகொண்டார். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். நானும் கூடப் போனேன். வீரமணி கூரையை மடித்துத் தயாராக வைத்திருந்தான். சாவியை வாங்கி மாமனார் ஏறியதும், நான் இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

வீரமணிக்கு முகம் வெளுத்தது. "எறங்குங்கக்கா. மெக்கானிக் கடைக்குப் போற வண்டியில பொம்பள ஏறிப் போவாங்களா? பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும். காசு குடுத்த சீட்டுல உக்காந்துனு இருக்கேன். நீ வாசல் கேட்டத் தொற."

தெருவில் பாதிதூரம் போயிருப்போம். வீரமணியின் பெரியப்பா பக்கிரி நடுரோட்டுக்கு வந்து கையைக் காட்டினார். மாமனார் பிரேக் போட்டார். பக்கிரி என்னைப் பார்க்கவே இல்லை.

"இன்னாடா சூசை, வண்டி எங்க போவுது?"

"மெக்கானிக் கடைக்குங்க."

யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கிழவர் மேல், வீரமணி மேல், ரோட்டில் நிற்கிற என் புருஷன் மேல், பக்கத்தில் இருக்கிற இந்த மனுஷன் மேலும் ஆத்திரம் பொங்கியது.

"பொய்!" என்று கத்தினேன். "இது எங்க வண்டி. பணம் குடுத்து வாங்கியாச்சு."

அப்போதும் பக்கிரி என் பக்கம் திரும்பவில்லை. "இது இன்னாடா சொல்லுது? யாரு வண்டிடா இது?"

"சொல்லுங்க மாமா" என்றேன். மாமனார் ஹாண்ட்பிரேக்கை இழுத்தார். இன்ஜினை அணைத்தார்.

"என் மவன் வண்டி."

"இன்னாடா?"

"என் மவன் அருள்தாஸு வண்டி. வாங்கிட்டான்." என் பக்கம் திரும்பினார். "அவனுக்குப் போன் போடும்மா. அவன் வண்டிய அவனே வந்து எடுக்கட்டும்."

"வழியில நிறுத்திட்டு இன்னாடா பேச்சு? எடுறா வண்டிய!" பக்கிரிக்குத் தொண்டை கிழிந்தது.

"என் வண்டி இல்லீங்களே, நான் எடுக்க. சொந்தக்காரன் வரட்டும்."

வீரமணி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "சூசை, நாம பேசினது இன்னா, நீ பண்றது இன்னா?"

"பேசினதே தப்பு" என்றார் மாமனார்.

போனில் விஷயத்தைச் சொன்னேன். "வரேன்" என்றார் அருள்தாஸ். வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு பால்காரர் பைக்கை வளைத்து ஓட்டிப்போனார். யார் முதலில் கை வைப்பார்களோ என்று நான் பயந்ததும் உண்மை, வரட்டும் பார்க்கலாம் என்று இருந்ததும் உண்மை.

அருள்தாஸ் நடந்தே வந்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் வண்டியிடம் வந்தார். மாமனார் இறங்கிச் சாவியைக் கொடுத்தார். இருப்பது இரண்டு சீட்டு. நானும் இறங்கி, "நீங்க ஒக்காருங்க மாமா" என்றேன். அந்தப் பக்கம் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. அவர் கால் அங்கே இல்லாத கிளட்சைத் தேடிற்று.

வண்டி நகர்ந்தது. என்னை விட்டுப்போக மனசில்லாமல், நான் நடக்கிற வேகத்துக்கே ஓட்டினார் அருள்தாஸ். ஊர்வலமா போகிறோம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் வந்துக்கறேன்! இதுக்கா ஊர் ஊரா வண்டி தேடுனீங்க? அழுத்துங்க!"

அழுத்தினார். நான் தெருவின் நடுவிலேயே நடந்தேன். எதிரில் பக்கிரி நின்றிருந்தார். நான் நிற்கவில்லை, விலகவும் இல்லை. கடைசி நேரத்தில் அவர்தான் ஒதுங்கினார்.