நடுவில் இல்லாத சிவப்பு

பல் டாக்டர் வந்தபோது மணி நாலேகால். வரச்சொன்னது மூன்று மணிக்கு.

இளையவன் கல்லாவிலிருந்து எழுந்து கும்பிட்டான். மாடியில் அக்கா படுத்திருந்தாள். வலது கண்ணில் புரை எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. சாப்பிட்டதும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு தூங்குவாள். நாலு மணிக்கு மேல் எந்த நேரத்திலும் எழுந்துகொள்வாள்.

"அக்கா இல்லையா?" என்றார் டாக்டர், உட்காருவதற்கு முன்பே.

பதினொரு வருடமாக அவன் இந்தப் பழைய நாணயக் கடையில் நிற்கிறான். கதவைத் திறக்கிறவர்கள் எல்லோரும் கேட்பது அதைத்தான்.

"மேல படுத்திருக்காங்க டாக்டர். கண் ஆபரேஷன்."

"அடடா. அப்ப இன்னொரு நாள் வரட்டுமா?"

"அவங்கதான் ஏற்கெனவே பாத்துட்டாங்களே. போன்ல உங்ககிட்ட சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க. அறுபத்து நாலுன்னாங்க. அவங்க சொன்னா அப்புறம் அப்பீல் ஏது? சரி, எடுங்க."

தர மதிப்பெண், எழுபதுக்கு அறுபத்து நாலு. புழக்கத்துக்கே போகாத நாணயத்துக்குத்தான் அந்த எண் கிடைக்கும். அவன் தட்டை எடுத்து வைத்தான். பெரிய வெள்ளி நாணயம். ஒரு பக்கம் அரசியின் தலை, மறுபக்கம் பாய் விரித்த கப்பல். நடுவில் வெளிர் மஞ்சள், விளிம்பைச் சுற்றி நீலம். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"எத்தன வருஷம் ஆயிருக்கும், இந்த நிறம் ஏற?"

"எழுபது, எண்பது இருக்கும் டாக்டர். யாரோ காகித உறையில போட்டு மறந்துட்டிருக்காங்க."

ஆனது நாற்பது நாள். அக்காவைக் கேட்காமல், கடைப் பணத்தில், தன் கண்ணை நம்பி அவன் வாங்கிய முதல் நாணயம் அது. வாங்கும்போது முகமெல்லாம் கரி அப்பியதுபோல் இருந்தது. அடியில் பளபளப்பு இருக்கிறது என்று நினைத்தான். வெள்ளி வெளுக்கும் திரவத்தில் இரண்டு முறை முக்கினான். இந்தத் தொழிலில் அதற்குக் குளிப்பாட்டுவது என்று பெயர். கரி போயிற்று. கூடவே பளபளப்பும் போய், தகரத் துண்டுபோல் கிடந்தது. அதன்பிறகுதான் கந்தகக் களிம்பு, காகிதம், மொட்டை மாடியில் ஒரு டப்பா, வெயில்.

நிறம் ஏறியது. ஆனால் அவசரமாக ஏறியது. தானாக ஏறும் நிறம் மஞ்சளாகத் தொடங்கி, சிவந்து, பிறகுதான் நீலத்துக்குப் போகும். இதில் மஞ்சளை ஒட்டியே நீலம் நின்றது. நடுவில் சிவப்பு இல்லை.

அது அவனுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாமல் போகும் என்பதும் அப்போது தெரிந்திருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் நீலப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே, "நீலப் பேனாவ எங்கடா வச்ச?" என்று மேசையெல்லாம் துழாவினாள். அன்று மாலையே நாணயத்தை அவள் முன் வைத்தான். பூதக்கண்ணாடியை வலது கண்ணில் பொருத்தி வெகுநேரம் பார்த்தாள். "தேன் மாதிரி இருக்குடா," என்றாள். "நீ வாங்கினதா? கண்ணு வந்துடுச்சே உனக்கு." அன்று ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

குளிப்பாட்டினவனுக்குக் கடையில் இடமில்லை. அவள் புருஷனின் தம்பி இதே கல்லாவில் இருந்தவர்தான். ஒரே ஒரு நாணயம். அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவள் போகவில்லை.

டாக்டர் செக் புத்தகத்தை எடுத்து விரித்தார். "தேதி என்ன இன்னிக்கி?"

அவன் சொன்னான். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அக்கா கறுப்புக் கண்ணாடியோடு வந்தாள். கைப்பிடிச் சுவரைத் தடவவில்லை. நேராக, வேகமாக இறங்கினாள்.

"என்னம்மா, வில்லன் மாதிரி வர்றீங்க?"

"பல்லு புடுங்குறவர் கண்ணப் பத்திப் பேசக்கூடாது டாக்டர்." கண்ணாடியைக் கழற்றினாள். டாக்டர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்து நின்றாள். "ஏன்டா, இது நீலமா? நாலு வருஷமா சாம்பல் கலர்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

டாக்டர் சிரித்தார். இளையவனும் சிரித்தான். வாய் மட்டும்தான் சிரித்தது.

"நீ போய்ப் படுக்கா. வெளிச்சம் ஆகாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல?"

"படுத்துப் படுத்து முதுகு வலிக்குது. எடு, ஒரு தடவ பாத்துடறேன்."

"அதான் பாத்தாச்சே."

"என் பேர்ல போகுதுடா. பாத்தா தேஞ்சா போயிடும்?"

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நகர்ந்து இடம் விட்டார். "பாருங்க, பாருங்க. நானும் கத்துக்கறேன்."

அவள் உட்கார்ந்து விளக்கை இழுத்துக்கொண்டாள். நாணயத்தை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்தாள். நல்ல நாணயத்தைச் சாய்த்தால் வெளிச்சம் சக்கரம்போல் அதன்மேல் சுற்றும். இதில் சுற்றவில்லை. அவள் மறுபடி சாய்த்தாள். பூதக்கண்ணாடியை எடுத்து வலது கண்ணில் வைத்தாள்.

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது பிடித்துவிட்டால் கீழுதட்டை மடிப்பாள். மடிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

கண்ணாடியை இடது கண்ணுக்கு மாற்றினாள். அந்தக் கண்ணில் இன்னும் புரை எடுக்கவில்லை. பார்த்தாள். வலதுக்கு மாற்றினாள். மறுபடி இடது.

"என்னம்மா, ஏதாவது கோளாறா?"

"ஒண்ணுமில்ல டாக்டர். புதுக் கண்ணு, பழைய கண்ணு. ஒண்ணுக்கொண்ணு மாமியா மருமகளாட்டம் இருக்கு. ஒண்ணு சொல்றத இன்னொண்ணு ஒத்துக்க மாட்டேங்குது."

டாக்டர் சிரிக்கத் தொடங்கி, இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார். மூடி திறந்த பேனா கையில் அப்படியே இருந்தது. செக்கில் தேதி மட்டும் எழுதியிருந்தது.

"ஆபரேஷன் பண்ண கண்ணுல கொஞ்ச நாளைக்கு எல்லாம் நீலமாத்தான் தெரியுமாம், அம்மா," என்றார். "என் பேஷன்ட் ஒருத்தர் சொல்லியிருக்காரு."

இளையவனுக்கு உயிர் வந்தது. அவள் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு தலையசைப்பு போதும். பிறகு மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு, எது வேண்டுமானாலும் திட்டட்டும்.

அவள் பூதக்கண்ணாடியை மடக்கி வைத்தாள். அவனைப் பார்த்தாள். வலது கண் கொஞ்சம் சிவந்து நீர் கோத்திருந்தது. கோபம் இல்லை. அவனுக்கு அம்மை வார்த்திருந்தபோது கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைப்போல் பார்த்தாள்.

"டாக்டர் சொல்றது சரியா இருக்கலாம். அப்ப இந்தக் கண்ண வச்சுக்கிட்டு நான் இனிமே இங்க உக்காரக்கூடாது. இன்னிக்கே கடைய உன் கைல குடுத்துட்டு மேல போயிடறேன்." கல்லாச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து நாணயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "பழைய கண்ணுக்கு இது தேன். புதுக் கண்ணுக்கு இதுல செவப்பே இல்ல. வாங்கினவன் நீ. சொல்லுடா தம்பி, எந்தக் கண்ணு பொய் சொல்லுது?"